சளிப்பூஞ்சைச் செல் எப்படி வழி கண்டுபிடிக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் ஆறாம் படிவ மாணவர்களுக்கு உயிரியல் டியூசன் எடுக்கிறேன். வகுப்பிலும், வகுப்பு முடிந்து வாட்ஸ்அப் குழுவிலும் வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில கேள்விகள் பெற்றோர் கேட்டவை. பாடத்திட்டத்துக்கு வெளியே போகும் இடங்களும் உண்டு. பரீட்சைக்கு மட்டும் படிப்பவர்கள் அவற்றைத் தாண்டிப் போகலாம்.

சளிப்பூஞ்சை பூஞ்சை இனமா, சார்?

இல்லை. பெயரில் பூஞ்சை இருந்தாலும் இது அமீபாக்களின் உறவுக்காரன். இதில் இரண்டு பெரிய கூட்டங்கள் உண்டு. மழைக்குப் பிறகு மரப்பட்டையிலும் இலைக்குப்பையிலும் மஞ்சளாகப் படரும் ஃபைசாரம் போன்றவை ஒரு கூட்டம். கண்ணுக்குத் தெரியாத தனித்தனி அமீபாக்களாக மண்ணில் பாக்டீரியாவைத் தின்று வாழ்பவை இன்னொரு கூட்டம். உணவு தீர்ந்ததும் இந்த அமீபாக்கள் ஒன்றுகூடி ஓர் உடலாகிவிடும். இரண்டாவது கூட்டத்தின் நட்சத்திரம் டிக்டியோஸ்டீலியம் டிஸ்காய்டியம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலக் காட்டு மண்ணிலிருந்து கென்னத் ரேப்பர் இதைப் பிரித்தெடுத்து, 1935இல் விவரித்தார். கீழே 'செல்' என்று மொட்டையாகச் சொன்னால் இதன் அமீபாவையே சொல்கிறேன்.

செல் சட்டகம் என்பது எலும்புக்கூடு மாதிரியா?

அந்தப் படத்தை மனத்திலிருந்து எடுத்துவிடுவது நல்லது. எலும்பு நிலையாக நிற்கும். செல் சட்டகமோ நொடிக்கு நொடி கட்டப்பட்டுக் கலைக்கப்படும் புரத இழைகளால் ஆனது. நகர்ச்சியைப் பொறுத்தவரை முக்கியமானவை இரண்டு: ஆக்டின், மையோசின்-2. ஆக்டின் சிறு சிறு அலகுகளாகச் செல்லுக்குள் மிதக்கும். தேவைப்படும் இடத்தில் அவை கோத்துக்கொண்டு இழையாக நீளும். நீளும் இழைகள் சவ்வை வெளியே தள்ளும்போது உருவாகும் புடைப்புதான் போலிக்கால். மையோசின்-2 பின்பக்கமும் பக்கவாட்டிலும் சேர்ந்து சுருங்கி இழுக்கும். முன்னே தள்ளு, பின்னே இழு, ஒட்டிய இடத்தை விடு. ஊர்வது அவ்வளவுதான்.

செல்லின் நீளம் சுமார் 10 மைக்ரோமீட்டர். நன்றாக ஓடும்போது ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய தன் நீளம் அளவுக்கு நகரும்.

அழைப்பது எந்த வேதிப்பொருள்? அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இந்த அமீபா வயிறு நிறைந்திருக்கும்போது ஒரு வாசனைக்கும், பசித்திருக்கும்போது வேறொரு வாசனைக்கும் ஓடும். பாக்டீரியா வெளிவிடும் ஃபோலிக் அமிலம் இரையின் வாசனை. கர்ப்பிணிகளுக்கு மாத்திரையாகக் கொடுப்பார்களே, அதே ஃபோலிக் அமிலம்தான். செல்கள் அதை நோக்கி ஓடுவது 1972இல் தெரியவந்தது. இரை தீர்ந்து சில மணி நேரம் பட்டினி கிடந்தால் செல்லின் மரபணு இயக்கமே மாறிவிடும். ஃபோலிக் அமிலத்தின் மீதான நாட்டம் குறைந்து, சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறின் மீது நாட்டம் கூடும். இதை வெளியிடுவது மற்றப் பசித்த செல்கள்.

ஏதோ ஒரு வேதிப்பொருள் அழைக்கிறது என்பதற்குத் தெளிவான சான்று தந்தவர் ஜான் டைலர் போனர். 1947இல் வெளியான அவருடைய சோதனையை நான் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்வேன். செல்கள் கூடும் மையம் ஒன்றைத் தண்ணீருக்கடியில் வைத்து, தண்ணீரை ஒரே திசையில் மெதுவாக ஓடவிட்டார். நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் இருந்த செல்கள் மையத்தை நோக்கி நகர்ந்தன. மேல்பக்கம் இருந்தவை கண்டுகொள்ளவே இல்லை. ஒளியோ மின்புலமோ அழைத்திருந்தால் ஓடும் தண்ணீர் அதை ஒரு பக்கமாக அடித்துக்கொண்டு போயிருக்காது. கரைந்து பரவும் ஒரு பொருளாகத்தான் இருக்க வேண்டும். விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் இவ்வளவு உறுதியான முடிவுக்கு வந்த சோதனைகள் குறைவு.

அந்தப் பொருள் சைக்ளிக் ஏஎம்பி என்று போனரும் தியோ கொனைனும் சக ஆய்வாளர்களும் கண்டறிய இருபது ஆண்டுகள் பிடித்தன. 1967இல்தான் அது வெளிவந்தது. வேடிக்கை என்னவென்றால், நம் கல்லீரலிலும் இதயத்திலும் ஹார்மோன்களின் செய்தியைச் செல்லுக்குள் கொண்டுசெல்வதும் இதே மூலக்கூறுதான். அதைக் கண்டுபிடித்த ஏர்ல் சதர்லாந்து 1971இல் நோபல் பரிசு பெற்றார். நமக்குள் உள்வீட்டுத் தூதனாக இருப்பது, இந்த அமீபாவில் தெருவுக்கு வந்து கூவுகிறது.

எல்லாச் சளிப்பூஞ்சைக்கும் இதே மூலக்கூறு என்று எழுதிவிடாதீர்கள். பாலிஸ்ஃபாண்டிலியம் என்ற உறவினம் குளோரின் என்ற வேறொரு சிறு மூலக்கூறைப் பயன்படுத்துகிறது. வேதியியல் பாடத்தில் வரும் குளோரின் வாயு வேறு, இது வேறு. 1982இல் இதன் வேதி அமைப்பைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் ஒசாமு ஷிமோமுரா. ஜெல்லிமீனிலிருந்து பச்சை ஒளிர்புரதத்தைப் பிரித்து 2008இல் நோபல் பரிசு பெற்றவரும் இவரேதான். அந்த ஒளிர்புரதம் கீழே மறுபடி வரும்.

பத்து மைக்ரோமீட்டர் உடம்புக்கு எந்தப் பக்கம் வாசனை அதிகம் என்று எப்படித் தெரியும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. செல்லின் மேற்பரப்பில் சைக்ளிக் ஏஎம்பியைப் பிடிக்கும் ஏற்பிகள் பல பத்தாயிரம் இருக்கின்றன. முக்கியமானதன் பெயர் சிஏஆர்1. முன்பக்கம் தொடும் மூலக்கூறுகளுக்கும் பின்பக்கம் தொடும் மூலக்கூறுகளுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு சதவீதம் இருந்தாலே செல் திசையைக் கண்டுகொள்ளும்.

வாசனை வரும் பக்கம் ஏற்பிகள் குவிந்துவிடும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். குவிவதில்லை. ஏற்பிகளில் ஒளிர்புரதத்தைக் கோத்துப் பார்த்தபோது அவை சவ்வு முழுக்க ஒரே சீராகப் பரவியிருந்தன. ஏற்பியின் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் அடுத்த படியான ஜி-புரதத்திலும் அந்த இரண்டு சதவீதத்துக்கு மேல் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. அதற்கும் அடுத்த படியில்தான் திருப்பம். பிஐபி3 என்ற ஒரு கொழுப்பு மூலக்கூறு செல்லின் முன்முனையில் மட்டும் பளிச்சென்று குவிகிறது. அதோடு ஒட்டும் புரதத்தில் பச்சை ஒளிர்புரதத்தைக் கோத்து 1998இல் பீட்டர் டெவ்ரியோட்ஸின் ஆய்வகம் காட்டிய படங்களில், செல்லின் ஒரு விளிம்பு மட்டும் பிறை போல ஒளிர்ந்தது. வெளியே இருந்த சிறு வேறுபாடு உள்ளே 'இங்கே ஆம், அங்கே இல்லை' என்ற தீர்ப்பாகிவிட்டது.

அந்தத் தீர்ப்பு வருவது எப்படி? முன்பக்கம் பிஐபி3யை உருவாக்கும் நொதியும், பக்கவாட்டிலும் பின்பக்கமும் அதை அழிக்கும் பிடென் என்ற நொதியும் எதிரெதிராக வேலை செய்கின்றன. இதோடு ஒரு பொதுவான விளக்கமும் உண்டு: தூண்டல் உள்ளூரில் வேகமாக எழும், தடை செல் முழுக்க மெதுவாகப் பரவும். தூண்டல் தடையை மிஞ்சும் இடமே முன்பக்கம்.

சரி, அங்கிருந்து ஆக்டினுக்கு எப்படிப் போகிறது? பாடநூலில் அம்புக்குறிகள் நிறைய இருக்கின்றன.

அம்புக்குறிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏற்பி ஜி-புரதத்தைத் தூண்டும். அது ராஸ் என்ற புரதத்தைத் தூண்டும். ராஸிலிருந்து பிஐபி3 ஒரு பாதை, டார்க்-2 என்ற புரதத் தொகுதி இன்னொரு பாதை. கடைசியில் ராக் புரதமும் ஸ்கார் தொகுதியும் விழித்து, ஏஆர்பி2/3 என்ற தொகுதியை எழுப்பும். ஏஆர்பி2/3 ஏற்கெனவே உள்ள ஆக்டின் இழையின் பக்கவாட்டில் உட்கார்ந்து, சுமார் 70 பாகை கோணத்தில் புதிய கிளையை முளைக்க வைக்கும். கிளையிலிருந்து கிளை முளைத்து அடர்ந்த வலை உருவாகிச் சவ்வைத் தள்ளும். சைக்ளிக் ஏஎம்பி பட்ட பத்து நொடிக்குள் ஆக்டின் இழைகளின் அளவு குபுக்கென ஏறிவிடும்.

இப்போது அம்புக்குறிகளைப் பற்றி என் கருத்து. அவை ஒற்றைச் சங்கிலியாக வரையப்படுவது மாணவர்களைக் கெடுக்கிறது. பிஐபி3யை உருவாக்கும் நொதிகளின் மரபணுக்களையே நீக்கிய செல்கள் குருடாகிவிடும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். 2007இல் வந்த முடிவு வேறு: அவை கொஞ்சம் தடுமாறினாலும் சைக்ளிக் ஏஎம்பியை நோக்கிச் சரியாகவே போயின. ஒரு பாதை அடைபட்டால் இன்னொரு பாதை திறந்திருக்கிறது. ஆகவே 'பிஐபி3 இல்லாவிட்டால் நகர்ச்சி இல்லை' என்று விடைத்தாளில் எழுதினால் நான் மதிப்பெண் தரமாட்டேன்.

வாசனையே இல்லாவிட்டால் செல் சும்மா நிற்குமா?

நிற்காது. இதைப் புரிந்துகொண்டவர்களுக்கு மற்றது எல்லாம் எளிது. எந்தச் சமிக்ஞையும் இல்லாத கண்ணாடித் தட்டிலும் செல் தானாகவே போலிக்கால்களை நீட்டிக்கொண்டே இருக்கும். ஆக்டினும் அதைத் தூண்டும் புரதங்களும் தாமாகவே பொங்கி அடங்கும் ஓர் அமைப்பு. புதிய போலிக்கால்கள் பெரும்பாலும் பழைய போலிக்கால் இரண்டாகப் பிரிந்து வருபவை. வேதிச் சமிக்ஞை பெரும்பாலும் புதிதாக ஒன்றையும் நீட்ட வைப்பதில்லை. பிரிந்த இரண்டில் வாசனைப் பக்கம் இருப்பதை வாழவைத்து மற்றதை வாடவிடுவதே அதன் பெரும்பாலான வேலை. வாசனை மிகச் செங்குத்தாக ஏறும் இடத்தில் மட்டும் நேரே அந்தப் பக்கம் புதிய போலிக்கால் முளைப்பதும் உண்டு.

கால் வேறு, திசைகாட்டி வேறு என்பதற்கு இன்னும் நேரடியான சான்று ஒன்று உண்டு. லாட்ரங்குலின் என்ற நஞ்சு கடற்பஞ்சிலிருந்து கிடைப்பது. அது ஆக்டினை இழையாகக் கோக்கவிடாது. அதைக் கொடுத்ததும் செல் உருண்டையாகி அசையாமல் கிடக்கும். ஆனால் அருகில் சைக்ளிக் ஏஎம்பி நிரப்பிய நுண்குழாயை வைத்தால், உருண்டையின் அந்தப் பக்கத்தில் மட்டும் பிஐபி3 பிறை தோன்றும். குழாயை மறுபக்கம் மாற்றினால் பிறையும் மாறும். போக முடியாது, ஆனால் போக வேண்டிய திசை தெரியும்.

வாசனை அலையாக வருகிறது என்று வகுப்பில் சொன்னீர்கள். அலை கடந்து போனதும் செல் திரும்பிப் பின்னால் ஓட வேண்டுமே?

நல்ல மூளை. இதைக் கேட்டவர் ஒரு மாணவியின் அப்பா, இஞ்சினியர். பல ஆண்டுகள் ஆய்வாளர்களையும் உறுத்திய கேள்வி இது.

முதலில் அலை எப்படி வருகிறது என்று பார்ப்போம். மையத்தில் உள்ள சில செல்கள் சுமார் ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை சைக்ளிக் ஏஎம்பியை வெளியிடும். அதை உணர்ந்த பக்கத்துச் செல்கள் தாங்களும் வெளியிடும், அதற்கடுத்தவையும் வெளியிடும். இப்படிக் கைமாறி வெளிநோக்கிப் போகும் அலை, செல்களைவிடப் பல மடங்கு வேகமானது. இருட்டுப் பின்னணியில் படமெடுத்தால் வளையங்களாகவும் சுருள்களாகவும் தெரியும். செல்கள் போவதோ அலைக்கு எதிராக, மையத்தை நோக்கி.

அலை நெருங்கும்போது மையப் பக்கம் அடர்த்தி அதிகம். செல் அந்தப் பக்கம் முகம் திருப்புகிறது. அலையின் உச்சி கடந்தபின் அடர்த்தி அதிகமாக இருப்பது முதுகுப் பக்கம். வெறும் அடர்த்தியை மட்டும் பார்க்கும் செல்லாக இருந்தால் திரும்பி ஓடி, போன தூரத்தை இழந்துவிடும். அப்படி நடக்காததற்குக் காரணம், அடர்த்தி ஏறும்போது மட்டுமே செல் பதில் தருகிறது. ஏறி முடித்ததும் அதன் உணர்வு மழுங்கிவிடும்.

அம்மா அடுப்படியில் பெலாச்சான் (இறால் விழுது) வறுக்கும்போது வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தவுடன் மூக்கைத் துளைக்கும். கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நம் மூக்கின் மணமறியும் ஏற்பிகளும் சிஏஆர்1 போல ஜி-புரதத்தோடு இணைந்தவையே.

மழுங்கிய செல் அலையின் பின்புறத்தைப் பொருட்படுத்தாமல் நிற்கும், அல்லது முகம் வைத்த திசையிலேயே கொஞ்சம் போகும். இதற்கிடையே செல்கள் வெளியே விடும் பாஸ்ஃபோடைஎஸ்டெரேஸ் என்ற நொதி மிச்சமிருக்கும் சைக்ளிக் ஏஎம்பியை அறுத்துச் சுத்தம் செய்யும். சுத்தமானதும் உணர்வு திரும்பும். அப்போது அடுத்த அலை வரும். இந்த நொதி இல்லாத செல்களில் வாசனை எங்கும் தேங்கி நின்றுவிடும், கூட்டம் சேராது. அழைப்பதைப் போலவே அழைப்பை அழிப்பதும் அவசியம்.

மையோசின் இல்லாவிட்டால்?

1987இல் ஜேம்ஸ் ஸ்பூடிச் என்ற ஆய்வாளரின் ஆய்வகத்தில் மையோசின்-2 மரபணுவைக் குலைத்துப் பார்த்தார்கள். அதுவரை நகர்ச்சிக்கு மையோசினே எஞ்சின் என்ற நம்பிக்கை இருந்தது. செல்கள் நின்றுவிடவில்லை. மெதுவாக, திசை தடுமாறி, ஆனாலும் ஊர்ந்தன, கூட்டமாகவும் சேர்ந்தன. கூடிய மேட்டிலிருந்து மேலே எழும்ப மட்டும் முடியவில்லை. திரவத்தில் மிதக்கவிட்டால் இரண்டாகப் பிரியவும் முடியாமல் பல உட்கருக்களோடு வீங்கின. தட்டில் ஒட்டிக்கொண்டால் இரண்டு பக்கமும் எதிரெதிராக ஊர்ந்து கிழித்துக்கொண்டு பிரிந்தன!

மையோசின்-2வைப் பின்பக்கம் சேர்க்கும் வேலையில் சைக்ளிக் ஜிஎம்பி என்ற இன்னொரு தூது மூலக்கூறுக்குப் பங்குண்டு. சைக்ளிக் ஏஎம்பி வெளியே, சைக்ளிக் ஜிஎம்பி உள்ளே. மாணவர்கள் குழப்பிக்கொள்ளும் இடம் இது.

நுண்குழல்களுக்கு வேலை இல்லையா?

நுண்குழல்கள் செல் சட்டகத்தின் இன்னொரு வகை இழைகள். செல்லுக்குள் சரக்கு ஏற்றி இறக்கவும் செல் பிரியவும் அவை வேண்டும். ஊர்வதில் பங்கு குறைவு.

செல்கள் ஏன் வரிசை கட்டி ஒன்றன் வாலை ஒன்று பிடித்துப் போகின்றன?

சைக்ளிக் ஏஎம்பியை உருவாக்கும் நொதி, ஓடும் செல்லின் பின்முனையில் அதிகமாகச் சேர்கிறது. இது 2003இல் வெளிவந்தது. ஆக ஒவ்வொரு செல்லும் தன் வாலிலிருந்து வாசனை விடுகிறது. பின்னால் வருவது முன்னதன் வாலை நோக்கிப் போகிறது. ஆறுகள் சேர்வதைப் போல ஓடைகள் உருவாகி ஒரு லட்சம் செல்கள்வரை ஒன்றுகூடும். பிறகு இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள நத்தை போன்ற உடல் வெளிச்சத்தையும் வெப்பத்தையும் நோக்கி ஊரும். கடைசியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு செல்கள் காம்பாகிச் செத்துப்போகும். மற்றவை உச்சியில் வித்துகளாகும். பட்டினி தொடங்கி இது முடிய ஏறக்குறைய ஒரு நாள்.

பினாங்குக் கொடிமலைப் பாதையில் பார்த்த மஞ்சள் படலமும் இப்படித்தான் நகர்கிறதா?

அதே ஆக்டினும் மையோசினும்தான், ஆனால் வேலை செய்யும் விதம் வேறு. ஃபைசாரம் போன்றவை உள்ளங்கை அகலம் வளர்ந்தாலும் ஒரே செல். உள்ளே எண்ணற்ற உட்கருக்கள். உடல் முழுக்கக் குழாய்கள். குழாய்ச் சுவரில் உள்ள ஆக்டினும் மையோசினும் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சுருங்கி விரிய, உள்ளே இருக்கும் திரவம் முன்னும் பின்னும் பாயும். உணவு வாசனை பட்ட பக்கம் துடிப்பு வேகமாகிச் சுவர் இளகும். திரவம் அந்தப் பக்கம் அதிகம் தள்ளப்படும். உப்போ குயினினோ பட்டால் எதிர்விளைவு. தசைக்கு வெளியே ஆக்டினை முதலில் பிரித்தெடுத்தது இந்த ஃபைசாரத்திலிருந்துதான், 1966இல், ஜப்பானில். புதிர்வழியில் உணவுக்குக் குறுகிய பாதை கண்டதாக 2000இல் செய்தியில் வந்ததும் இதுவே. அதைப் 'புத்திசாலித்தனம்' என்று தலைப்பிடுவது எனக்கு உவப்பில்லை. குழாய்களில் திரவம் அதிகம் பாய்ந்தது தடிக்கிறது, குறைவாகப் பாய்ந்தது மெலிகிறது. இதை வைத்தே நிறைய விளக்கிவிடலாம்.

இதைப் படித்து என்ன ஆகப்போகிறது? மருத்துவத்துக்கு உதவுமா?

பெற்றோர் கூட்டத்தில் கட்டாயம் வரும் கேள்வி. காயம்பட்ட இடத்துக்கு ஓடும் நம் வெள்ளை அணுக்களும் இதே முறையில்தான் போகின்றன: ஜி-புரத ஏற்பி, ராஸ், பிஐபி3, ஏஆர்பி2/3. அழைக்கும் மூலக்கூறுகள் மட்டும் வேறு. புற்றுசெல் பரவும்போதும் பிடென் போன்ற புரதங்களின் பெயர்கள் வருகின்றன. மனிதர்களின் பல புற்றுகளில் பிடென் பழுதாகியிருக்கும். வெள்ளை அணுவைத் தட்டில் நெடுநாள் வளர்த்து மரபணுவை நீக்கிப் பார்ப்பது கடினம். இந்த அமீபாவில் அது எளிது. இதன் மரபணுத் தொகுதி முழுவதும் 2005இலேயே வாசிக்கப்பட்டுவிட்டது. இதிலிருந்து நேரே மருந்து வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பள்ளிச் செயல்திட்டத்துக்கு இதை எடுக்கலாமா?

டிக்டியோஸ்டீலியம் வேண்டாம். ஆய்வகங்களில் இது 22 பாகை செல்சியஸில் வளர்க்கப்படுகிறது. நம் ஊர்ச் சூட்டில் வளர்ப்புப் பெட்டி குளிரூட்டவும் வேண்டியிருக்கும். பள்ளி ஆய்வகத்தில் பெரும்பாலும் சூடாக்கும் பெட்டிதான் இருக்கும். நல்ல நுண்ணோக்கியும் தேவை.

ஃபைசாரம் தோது. மளிகைக்கடையில் கிடைக்கும் இனிப்பும் நிறமும் சேராத அகார்-அகாரைக் காய்ச்சித் தட்டில் ஊற்றி ஆறவிடுங்கள். நடுவில் ஃபைசாரத் துண்டு, ஒரு பக்கம் ஓட்ஸ், எதிர்ப்பக்கம் உப்புத் தண்ணீர் நனைத்த சிறு காகிதத் துண்டு. ஈரம் காயாமல் மூடி, இருட்டான அலமாரியில் வையுங்கள். இந்த உயிரிக்கு வெளிச்சம் பிடிக்காது. ஒப்பிட்டுப் பார்க்க, உப்புக்குப் பதில் வெறும் தண்ணீர் நனைத்த காகிதத்தோடு இன்னொரு தட்டு கட்டாயம் வேண்டும். அது இல்லாத செயல்திட்டத்தை நடுவர்கள் முதல் கேள்வியிலேயே கவிழ்த்துவிடுவார்கள். வளர்ப்பை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைத்தால், அனுமதி பற்றி ஆசிரியர் மூலம் முன்பே விசாரித்துவிடுங்கள். எறும்பு ஏறாமல் இருக்க அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்கலாம். கைப்பேசியால் படமெடுக்கும்போது தட்டின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு ஒரே பக்கம் இருக்கும்படி வையுங்கள்.